எங்கள் தெருவுக்கு ஆர்மி வந்த கதை

"நமக்கும் ஒண்ணு வாங்கலாமே!" என்று நான் கத்தியதில், காரை ஓட்டிக்கொண்டிருந்த தோழி பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டாள். நல்லவேளை, மோட்டார்வே அதற்கு முன்பே நின்றிருந்தது. ஆக்லாந்தில் வேலை முடிந்து, புறநகரான தகனினிக்குத் திரும்பும் எல்லாருமே அந்த நேரத்தில் அங்கேதான் நிற்போம்.

"என்னத்தை வாங்கப்போறீர்?"

"ஆர்மி வண்டி!"

"விசரே உமக்கு?"

காரில் ஒரு பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். மொத்த ஊருக்கும் ஒரே ஒரு சிக்னல். அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கு, ராணுவம் தனக்கு மிச்சமாகிப்போன பிரம்மாண்டமான வண்டி ஒன்றைக் கொடுத்துவிட்டதாம். கண்ணிவெடி வெடித்தாலும் தாங்குமாம். அந்த ஊரில் கண்ணிவெடி வைக்க ஆள் கிடையாது. திருடனே கிடைப்பது சிரமம் போலிருந்தது. "இதை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "வெள்ளம் வந்தால் உதவும்" என்கிறார் அங்கிருந்த அதிகாரி. கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குள் பல்பு எரிந்தது. வெள்ளம்!

தோழி யாழ்ப்பாணத்துக்காரி. நான் கோயம்புத்தூர். விசர் என்றால் அவள் ஊரில் பைத்தியம். அவள் என்னை "நீர்", "உமக்கு" என்றுதான் கூப்பிடுவாள். பழகிய புதிதில், ராஜ தர்பாரில் நிற்கிற மாதிரி இருக்கும். அது அவர்கள் ஊரில் நட்பான மரியாதை என்று புரியவே எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் அவள் "நீ" என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம்.

வெள்ளம் என்று நான் சொன்னதும் அவள் பாட்காஸ்டை நிறுத்திவிட்டாள். எங்கள் தெரு ஒரு பக்கம் சரிந்து இறங்கும். அந்தத் தாழ்ந்த முனையில்தான் அவளும் அவள் அப்பாவும் இருக்கிறார்கள். சென்ற வெள்ளத்தில் அங்கிள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி மருந்தகத்து வேலையிலிருந்து ஓடிவந்த இவள், தண்ணீர் நிறைந்த சாலையின் மறுகரையில் சாயங்காலம் முழுக்க நின்றாள். வீடு கண்ணுக்குத் தெரிகிறது, போகத்தான் வழியில்லை. அங்கிள் குசினி பெஞ்சின் மேல், அதாவது சமையலறை மேடையில், ஏறி ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாம் போனாலும் சோறு மிஞ்சோணும்" என்று அதை இப்போது நகைச்சுவையாகச் சொல்வார். கேட்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள், அவர் மகளைத் தவிர.

வண்டிகள் மெல்ல நகர ஆரம்பித்தபோது அவள் சொன்னாள். "அடுத்த முறை தண்ணி வந்தா நான் அப்பாட்டப் போய்ச் சேரோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். அதுக்கு ஆமி வண்டிதான் தேவையெண்டா, வாங்கும்."

வாங்கும் என்றால் வாங்கு என்று அர்த்தம். எனக்கு அது போதாதா?

அன்றிரவே தேட ஆரம்பித்து, படங்கள் சேர்த்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புப் பூங்காவில் நடந்த பார்பிக்யூவில், சாசேஜ் தட்டும் கையுமாக நின்ற ஜனத்துக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். உயரமான சக்கரம்! இடுப்பளவு தண்ணீரில் போகும்! பின்னால் பலகை இருக்கை, அரைத் தெருவையே ஏற்றலாம்! எதிர் வீட்டுப் பஞ்சாபிக்காரர், தன் கிடங்கு முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். ஆளுக்கு ஒரு பங்கு போடுவது என்று முடிவாயிற்று. யார் ஓட்டுவது என்று ஒருவர் கேட்டார். அவ்வளவு பெரிய வண்டிக்குத் தனி உரிமம் வேண்டும். எங்கள் தெருவில் அது இருப்பவர் ஒரே ஒருவர், நகரப் பேருந்து ஓட்டும் அங்கிள்.

"அங்கிள் ஓட்டுவார்!" என்று அறிவித்தேன். கைதட்டல் அள்ளியது. அங்கிள் அப்போது டூட்டியில் இருந்தார். வண்டி வந்ததும் காட்டி அசத்தலாம் என்று அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தோம்.

எங்கள் அதிர்ஷ்டம், ஆக்லாந்துக்குத் தெற்கே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரின் போலீஸ் ஸ்டேஷனில் அப்படி ஒரு வண்டி ஏலத்துக்கு வந்தது. ராணுவத்தில் உழைத்து ஓய்ந்து, பிறகு அந்த ஸ்டேஷனுக்கு வெள்ளத்துக்கும் பனிக்கும் என்று வந்து சேர்ந்த வண்டி. அதாவது பாட்காஸ்டில் கேட்டது இங்கேயே, சின்ன அளவில்! ஏலம் எங்களுக்கே விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் தோழியும் கையெழுத்துப் போடக் கிளம்பினோம்.

ஸ்டேஷன் ஒரு வீடு மாதிரி இருந்தது. வாசலில் ரோஜாச் செடி. அதன் பக்கத்தில் அந்த வண்டி, கரும்பச்சையில், ஸ்டேஷனைவிட உயரமாக. எனக்குச் சத்தியமாகக் கால் தரையில் நிற்கவில்லை. அங்கிருந்த கான்ஸ்டபிள் நல்ல வாய்க்காரர். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "சேற்றில் மாட்டிய பசுக்களை இழுத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் குழந்தைகளை ஏற்றியிருக்கிறோம். ஒரே ஒருமுறை திருடனைத் துரத்தினோம். தப்பித்துவிட்டான்."

"எப்படி?"

"சைக்கிளில்."

நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, நாளை தனக்கு விடுமுறைதான், தானே எங்கள் தெருவுக்கு ஓட்டிவந்து தருகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏணிப்படி மாதிரி இருந்த படியில் தொற்றி ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அங்கிருந்தே எங்கள் பகுதித் தமிழ் வீடுகளுக்கான வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன்:

"ஆர்மி நாளைக்குக் காலைல நம்ம தெருவுக்கு வருது!!! எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க!"

அதோடு ஒரு சல்யூட் பொம்மை, ஒரு வெடி பொம்மை. தோழி அதைப் பார்க்கவில்லை. என் செய்திகளின் தொல்லை தாங்காமலே அந்தக் குழுவை எப்போதோ மியூட்டில் போட்டுவிட்டிருந்தாள்.

மறுநாள் காலை வண்டி வந்த வரத்து இருக்கிறதே! முதலில் சத்தம், அப்புறம் சாலை அதிர்வு, அப்புறம் திருப்பத்தில் அந்தப் பெரிய முகம். கான்ஸ்டபிள் அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். குழந்தைகள் கூடவே ஓடின. பஞ்சாபிக்காரர் மாலை வாங்கி வைத்திருந்தார். நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்கே பொட்டு வைக்கும் ஊர்க்காரி, இதற்குச் சும்மா இருப்பேனா?

தாழ்ந்த முனையில் மட்டும் ஒரு கதவு சாத்தியே இருந்தது. அங்கிள் கோயிலுக்குப் போயிருப்பார் என்றாள் தோழி. கொஞ்ச நேரம் கழித்து போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"சான்ட்ரிங்ஹாமில. மசாலா தோசை சாப்பிடுறன்."

"விடியக் காலமையே அவ்வளவு தூரத்தில என்ன செய்யிறியள்?"

அந்தப் பக்கம் தட்டில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, சாதாரணமாகக் கேட்பது போல ஒரு கேள்வி.

"ஆமி போயிட்டுதோ?"

தோழி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த போனை வாங்கி, நான் போட்ட செய்தியைப் படித்தாள். "நீ," என்று ஆரம்பித்தாள், "நீ என்ன எழுதி வச்சிருக்கிறாய்?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, சான்ட்ரிங்ஹாம் சாலையில் மளிகைக் கடைகளுக்கு நடுவே இருக்கும் அந்தத் தோசைக் கடையில், மூலை மேசையில் அங்கிள் சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை. தோழி கேட்காமலே திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட்டுகள், அம்மாவின் படம், ஒரு லுங்கி, துண்டு.

"சார்ஜரும் எடுத்தனான்," என்றார் அங்கிள், கெட்டிக்காரத்தனமாக.

"அங்கிள், நான் சும்மா ஜாலியா..." என்று இழுத்தேன்.

"தெரியும் பிள்ளை. மூளைக்கு வடிவாத் தெரியும், இது நியூசிலாந்து எண்டு. கைக்குத் தெரியேல்லை. நான் யோசிச்சு முடிக்க முன்னமே அது பையை அடுக்கிப் போட்டுது." அவர் சிரித்தார். "நீர் ஆர்மி எண்டுதான் எழுதியிருந்தனீர். நான் வாசிக்கேக்க உம்மட 'ர்'ரைக் காணேல்லை."

எங்கள் ஊரில் ஆர்மி என்றால் கெத்து. லீவில் வரும் மாமா, இரும்புப் பெட்டி, கேண்டீன் சாமான். அவர்களுக்கு ஆமி என்பது வேறு சொல். ஓர் எழுத்துதான் குறைவு.

"அதோட வாசலில வந்து நில்லுங்கோ எண்டும் போட்டிருக்கிறீர். எங்கட பக்கம் ஆமி அப்பிடிச் சொன்னா, அது ஆரத்தி எடுக்கிறதுக்கில்லை."

எனக்குத் தோசை இறங்கவில்லை. அவருக்கு நன்றாகவே இறங்கியது. இன்னொரு தோசை கொண்டுவரச் சொன்னார். ஆனால் தோழி விடவில்லை.

"அப்பா, விளையாட்டை விடுங்கோ. தண்ணி வந்து, நான் அந்த வண்டியோட வாசலில வந்து நிண்டா, ஏறுவியளோ மாட்டியளோ?"

"மாட்டன்."

"அப்ப?"

"குசினி பெஞ்ச் இருக்குத்தானே."

அவள் கண் கலங்கிவிட்டது. நான் உடனே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். மஞ்சள்! ரோஸ்! பாட்காஸ்ட் ஊர்க்காரர்கள் தங்கள் வண்டிக்குக் கறுப்பு அடித்தார்களாம், ஆனால் அது இன்னும் பயங்கரமாகிவிட்டதாம், ஆகவே கறுப்பு வேண்டாம், நாம் மாம்பழக் கலர் அடித்து இரண்டு பக்கமும் மயில் வரையலாம்...

"மயில் வரைஞ்சாலும் சத்தம் அந்தச் சத்தம்தானே," என்றார் அங்கிள். "கலரில்லைப் பிள்ளை. அதில ஏத்தினா, ஏறினவன் நிப்பாட்டு எண்டு சொல்லேலாது. அது போற இடத்துக்குத்தான் நீர் போகோணும். இப்ப என்ர பஸ்ஸைப் பாரும். சின்னப் பிள்ளை பெல் அடிச்சாலும் நான் நிக்கோணும்."

மறுபடியும் பல்பு. இந்தத் தடவை எழுந்தே நின்றுவிட்டேன்.

"பெல்!"

கடைக்காரத் தம்பி ஓடிப்போய் பில்லைக் கொண்டுவந்து வைத்தான்.

"பில் இல்ல, பெல்லு! அங்கிள், அதுல பஸ் பெல் வெச்சிடலாம். நிஜமான ஸ்டாப் பட்டன். யார் அடிச்சாலும் வண்டி நிக்கணும், அதான் சட்டம். ஆமாவா இல்லையா?"

"விசர்ப் பெட்டை," என்றார். ஆனால் யோசித்தார். "எத்தினை பட்டன்?"

"நீங்க சொல்லுங்க!"

"எல்லாச் சீட்டுக்கும் கையெட்டோணும்."

பழைய பேருந்துகளை உடைத்து விற்கும் இடத்தில் சிவப்புப் பட்டன்கள் கிடைத்தன. கம்பி இழுக்க எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. முதல் நாள், பெல் அடித்தால் வைப்பர் ஓடியது. இரண்டாவது முயற்சியில் பெல் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. பஞ்சாபிக்காரர் முற்றத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அங்கிள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கையைக் கட்டிக்கொண்டு. அடுத்த வாரம் வேலியோரம் வரை வந்தார், பட்டன் உயரம் பிழை என்று சொல்வதற்காக. அதற்கடுத்த வாரம், தரையில் நின்றபடியே, திறந்திருந்த கதவு வழியாகக் கையை நீட்டி முன் இருக்கைப் பட்டனை அழுத்தினார்.

டிங்.

இன்னொரு தரம். டிங். பிறகு குழந்தை மாதிரி அழுத்திக்கொண்டே இருந்தார். தோழி சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏறுங்கோ என்று அவள் சொல்லவில்லை, அவரும் ஏறவில்லை. காலைப் படியில் வைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் ஒன்று புரிந்தது. வெள்ளத்தில் தவிப்பவரே ஓட்டுநராகவும் இருந்தால் அவரை யார் போய் அழைத்துவருவது? அதனால் நானே படித்து, பெரிய வண்டிக்கான எழுத்துத் தேர்வைப் பாஸ் செய்துவிட்டேன். ஆனால் பழகுநராக ஓட்டும்போது, முழு உரிமம் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. மறுபடியும் எங்கள் தெருவில் ஒரே ஆள். இந்த முறை யாருக்கும் அறிவிக்கவில்லை. நேராகப் போய் அவரிடமே கேட்டேன்.

நெடுநேரம் தேத்தண்ணியை ஆற்றினார்.

"பெல் என்ர கையில. நான் அடிச்சா நீர் எங்க நிண்டாலும் நிப்பாட்டோணும். ஏன் எண்டு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"நான் இறங்கிப் போனா, திரும்பிப் பார்க்காமல் போவன்."

"போங்க அங்கிள்."

"ஓம், அப்ப பாப்பம்."

வருகிற சனிக்கிழமை. தண்ணீர் இல்லாத, வெயில் காயும் நேரமாகப் பார்த்துவைத்திருக்கிறோம். முதலில் என்ஜினைப் போடாமல் இரண்டு பேரும் ஏறிக் கொஞ்சம் உட்காருவது. அது சரிப்பட்டால், சாவியைத் திருப்பி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்பது. அதுவும் சரிப்பட்டால், முற்றத்து வாசல்வரை. தோழி நடைபாதையில் கூடவே நடந்து வருவாள். அவ்வளவு மெதுவாகத்தான் ஓட்டப்போகிறேன். எல்லாம் சரியாக நடந்தால், தெருவின் தாழ்ந்த முனை வரைக்கும் போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வழியெல்லாம் பெல் அடித்துக்கொண்டே வருவேன் என்று அங்கிள் மிரட்டியிருக்கிறார். அடிக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தப்போகிறேன்.