நகப்பூச்சு விளக்கு

குரல்வளையை எடுத்தபின், தொண்டையில் வைத்துப் பேசும் கருவிதான் அண்ணனுக்குக் குரல். மகளின் நிக்காஹ் அன்று காலையில் அதன் சர்க்யூட் பலகை கருகிவிட்டது. மகளைக் கொடுக்கும் சொல்லை அவரே சொல்ல ஆசைப்பட்டார்.

புதுப் பலகைக்காக, ஒளி பட்டால் இறுகும் பூச்சைச் செம்புத் தகட்டில் தடவி, கோடுகள் அச்சிட்ட பிலிமை மேலே வைத்தேன். இனி வெயிலின் புற ஊதா ஒளி வேண்டும். எங்கள் மலையூர் காந்தலிலோ ஒரே மூடுபனி.

மணப்பெண்ணுக்கு நகம் பூச வந்த பெண், "ஏனுங்ண்ணா, வானத்தையே பாக்கறீங்க?" என்றார். தயங்கிச் சொன்னேன்.

"நகம் காய வைக்கற விளக்குலயும் அந்த வெளிச்சந்தானுங்க."

மணப்பெண் விளக்கிலிருந்து விரல்களை இழுத்துக்கொண்டாள். "நகம் கெடக்குது சாச்சா. அத்தா பேசட்டும்."

விளக்கடியில் கோடுகள் பதிந்தன. மீதிச் செம்பை அரித்தெடுத்து, பாகங்களைப் பற்றவைத்தேன். மதியம் சபையில், "என் மகளைக் கொடுத்தேன்" என்று அண்ணனின் குரல் கரகரத்தது.

அந்தப் பெண் கேட்டிராவிட்டால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.