கேரவனுக்குள் பசை வாடை

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் மாசாயில் நல்ல மழை. நான் சமையலறையில். என் கணவர் குமார், வாசலில் நிற்கும் கேரவனுக்குள்.

கேரவன் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் குட்டி ட்ரெய்லர். இரண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். பழையதாக வாங்கி, உள்ளே ஊறிப்போன பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் சுவர், புதுத் தரை, மடக்குக் கட்டில் என்று லீவு நாளெல்லாம் அதிலேயே கிடக்கிறார் மனிதர். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷம். தடுக்க மனம் வருமா?

அன்று தரைக்கு வினைல் விரிப்பைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. குடையோடு போனேன். சாரல் அடிக்கக் கூடாதென்று சன்னல்களைச் சாத்தி, கதவையும் உள்ளே தாழ் போட்டிருந்தார். தட்டினேன்... தட்டிக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் பாதி திறந்திருக்கிறது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

கத்தினேன். பக்கத்து வீட்டு ரஹிம் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். "தெப்பி, கக்" என்று மலாயில் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டுக் கதவை நெம்பினார். பசை வாடை முகத்தில் அறைந்தது. இருவருமாக அவரை வெளியே இழுத்து, மழையிலேயே உட்கார வைத்தோம்.

இருமினார். வாந்தி எடுத்தார். அப்புறம்தான் என்னை அடையாளம் தெரிந்தது.

"தல சுத்துச்சு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கலாம்னு பாத்தேன் லா."

"எந்திரிக்கலன்னா?"

கிளினிக்கில் டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபத்தை நாம் எப்போதும் ரோட்டில்தான் தேடுகிறோம், இல்லையா? லாரி, வளைவு, ஈரம்... கேரவன் ஓடும்போது கழன்றுவிடுமோ என்றுதான் நானும் பயந்துகொண்டிருந்தேன். அசையாமல் வாசலில் நிற்கும்போதே ஆளைச் சாய்க்கும் என்று யார் நினைத்தது?

மீதித் தரையை இந்த ஞாயிறு ஒட்டினார். கதவு, சன்னல் எல்லாம் விரியத் திறந்து, காற்றாடியும் ஓட, வாசலில் நாற்காலி போட்டு நான் காவல். வேலை முடியும்வரை "என்னங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளிருந்து ஒவ்வொரு முறையும் "ம்" என்றார்.

இத்தனை வருடக் குடும்பத்தில் அந்த "ம்" எனக்கு எரிச்சல் மூட்டியதுதான் அதிகம் — அன்று கேட்கக் கேட்க இனித்தது.