மூன்று முறை துவைத்த கொசுவலையும் வத்தலக்குண்டு பயணமும்

எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். வெள்ளை வெளுப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிர்தான் 2006 ஆகஸ்டில் என்னைத் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஓட வைத்தது.

மகள் செல்வி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். மாப்பிள்ளைக்கு ஒரிசாவில் சுரங்க வேலை. மலேரியா அதிகமுள்ள காட்டுப்பக்கம். அங்கே மருந்தில் முக்கிக் கொடுத்த கொசுவலையை அவள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்திருந்தாள். நாறுகிறதே என்று துவைத்தேன். நாற்றம் போகவில்லை; மறுபடியும் துவைத்தேன். மூன்றாவது தடவையில் மணத்தது. அவள் ரயிலேறும் நாள் காலையில்தான் பக்கத்து வீட்டு நர்ஸம்மா, "மூணு தடவ துவைச்சா மருந்து போயிரும்ணே. இனி அது சும்மா வலைதான்" என்றார். வத்தலக்குண்டில் ஒருவரிடம் மருந்து இருக்கும் என்று வழியும் சொன்னார்.

ரயில் மாலை ஆறரைக்கு. நான் ஏறியது 9.10 பஸ். செம்பட்டி வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர், பதினோரு ரூபாய். செம்பட்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஜன்னலில் தலையை நீட்டி அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே, டீ சுடுது."

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், நர்ஸம்மா சொன்ன ராயப்பன் வீடு. மலேரியா ஒழிப்பு வேலையில் ஓய்வு பெற்றவர். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வலை முக்கிக் கொடுப்பார்.

"கல்லுல அடிச்சீகளா?"

"லேசா."

"வெயில்ல காயப் போட்டீகளா?"

"மொட்டை மாடில."

"நீலம்?"

"ரெண்டு சொட்டு."

"மருந்தத் தவிர எல்லாம் போட்ருக்கீக."

கையுறை மாட்டி, கொசு மருந்து மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வலையை முக்கினார். நிழலில் விரித்தார். நான் நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்க, "தொடாதீக. துவைக்காம வச்சா ஆறு மாசம் தாங்கும்" என்றார். முழுதாகக் காயுமுன்னே சுருட்டிக்கொண்டு ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

"பையில என்னண்ணே சொட்டுது, மீனா?" என்றார் கண்டக்டர்.

"கொசுவலை."

"கொசுவெல்லாம் பிடிச்சாச்சா?"

வெளியூர் போகிறவர்களுக்கு: முக்கின வலை ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். துவைத்தே ஆகவேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, நிழல். மூன்றாவது துவைப்புக்குப் பிறகு திரும்ப முக்க வேண்டும். கம்பெனியிலேயே மருந்தேற்றி வரும் வலை இருபது துவைப்பு, ஏறக்குறைய மூன்று வருடம் தாங்குமாம். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஸ்டேஷனில் செல்வி வலையை மோந்து முகம் சுளித்தாள். "ஒருக்கா அலசிக்கிறேன்ப்பா."

"தொடாத ஆத்தா. ஆறு மாசம் கணக்கு."

பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மூன்றும் ஆறும் ஒன்பது. ரயில் நகரும்வரை அதையே கூட்டிக்கொண்டு நின்றேன். மருந்து தீர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துரு என்று மட்டும் சொல்லவில்லை.