உப்புக்காரி கதவைத் திறந்த நாள்

நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து என் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சுவாசமும் பழையபடி இல்லை. நான் எவ்வளவு பலமாகக் கத்தினாலும் குரல் வாசல் படலையைத் தாண்டாது. முள்ளியவளையிலிருந்து காட்டுப்பக்கம் போகிற கிரவல் வீதியில் எங்கள் வீடு. அக்காவும் நானும் மட்டும் இருக்கிறோம். அவள் காலையில் சைக்கிளில் தையல் வேலைக்குப் போவாள், பின்னேரம் வருவாள். இடையில் வீட்டில் நான் தனி.

வவுனியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் மச்சான்தான் ஒரு பழைய கணினியையும், கோயில் திருவிழாவுக்கு வைக்கக்கூடிய அளவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கொண்டுவந்து தந்தான். அதில் ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டுப் போனான். ஒரு பெரிய நாடு. அதில் நீங்கள் ஓர் ஆளை உருவாக்கி, ஊர் ஊராக நடத்திக் கொண்டுபோக வேண்டும். முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆறுதலாக விளையாடினால் வருடக்கணக்கிலும் ஆகும்.

எல்லோரையும் போல நானும் முதலில் வீரர்களைத்தான் செய்தேன். வாள்காரன், வில்லாளி, நெருப்பை எறிகிற மந்திரவாதி. நடக்க முடியாதவன் ஓடித் திரிவதற்கு விளையாடுகிறான் என்று பார்க்க வருகிறவர்கள் நினைத்தார்கள். உண்மையில், ஓடியவர்கள் எல்லோரும் எனக்கு அலுத்துப்போனார்கள். அவர்களை யாராலும் காயப்படுத்த முடியாத ஒரு கட்டம் வரும். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று எனக்குக் கவலை இருக்காது. அழித்துவிட்டு வேறொருவனைச் செய்வேன்.

ஒருநாள் சலிப்பில், நான் எதையும் தெரிவு செய்யாமல், விளையாட்டே ஓர் ஆளைத் தரட்டும் என்று விட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். உப்பு விற்கிறவள். ஒரு கண் மங்கல். போர்ச் சத்தம் கேட்டால் கை நடுங்கும் என்று அவள் குறைகளில் எழுதியிருந்தது. அழிக்கத்தான் போனேன். ஆனால் உப்பு மூட்டையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் நின்ற விதம் என்னவோ செய்தது. அவளை வைத்துக்கொண்டேன். செத்தால் செத்ததுதான், திரும்ப எழுப்ப முடியாது என்ற கடினமான முறையையே அவளுக்குத் தெரிவு செய்தேன்.

பிறகு அவள் எனக்கு அலுக்கவேயில்லை. மற்றவர்களிடம் நான் கேட்டது, இவன் இனி எதை வெல்லுவான் என்பது. இவளிடம் கேட்டது, இவள் எதைச் செய்யமாட்டாள் என்பது. அரசன் அழைத்தான், போகவில்லை. தூங்கப் போகுமுன், தங்குகிற வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கிறதா என்று பார்ப்பாள். நாயுள்ள வீடு என்றால் உப்பை மலிவாகக் கொடுப்பாள். இதையெல்லாம் விளையாட்டு கேட்கவில்லை. நானாக வைத்த பழக்கங்கள்தான். ஆனால் வைத்த பிறகு அவற்றை மீற எனக்கே மனம் வரவில்லை.

"என்னடா, இன்னும் அந்தக் கிழவியோடையோ?" என்று மச்சான் தொலைபேசியில் கேட்பான்.

"ஓம்."

"அலுக்கேல்லையோ? ஒரு நல்ல ஆளாச் செய்தால் இதுக்குள்ளை கேமை முடிச்சிருப்பாய்."

"முடிக்கிறதுக்கு எனக்கென்ன அவசரம்?"

ஆனால் விளையாட்டுக்கு அவசரம் இருந்தது. அதில் வடக்கே ஒரு படை கிளம்பும். யாரும் போய்த் தடுக்காவிட்டால் அது ஊர் ஊராகக் கீழே இறங்கும். முன்பு உப்பு விற்ற ஊர் ஒன்றுக்கு அவள் திரும்பப் போனபோது கூரைகள் இல்லை. அடுத்த முறை அதற்குக் கீழே இருந்த ஊரும் இல்லை. நான் அவளைத் தெற்கே நடத்தினேன், பிறகு கிழக்கே. புகை பின்னால் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில், வள்ளங்கள் வைக்கும் ஒரு கொட்டிலுக்குள் அவளை ஒளித்துக் கதவைச் சாத்தினேன். வெளியே படை வந்து நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறக்காதவரை படை உள்ளே வராது என்பதைக் கண்டுபிடித்தேன். அப்படியே கிழமைகள் போயின.

அக்கா ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கு இனிப் போக இடமில்லையடா," என்றாள். "கடல் வந்திட்டுது."

அக்காவும் நானும் பிள்ளைகளாக இருந்த போர்க் காலத்தில் அப்படித்தான் கடல் வரைக்கும் போனோம். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

அந்த ஆவணியில் குளங்கள் வற்றின. சிறுபோக அறுவடை நெல்லை மூட்டை கட்டிக் குசினிக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருந்தோம். காட்டிலிருந்து ஓர் அலியன், தந்தமில்லாத ஆண் யானை, ஊருக்குள் இறங்கத் தொடங்கியது. மற்ற யானைகள் இருட்டினால் வரும். இது பட்டப்பகலில் வந்தது. நெல் இருக்கிற வீட்டைச் சுவருக்கு வெளியே நின்றே அறிந்துவிடும் என்றார்கள். முதலில் குளக்கட்டில் ஒரு மாட்டுக் கொட்டிலைப் பிரித்தது. பிறகு எங்கள் வீதியின் தொடக்கத்தில் ஒரு வீட்டின் பின்சுவரைத் தள்ளியது. அந்த வீட்டுக்காரர் பிள்ளைகளோடு முன்பக்கத்தால் ஓடித் தப்பினார்.

"ஆனை வந்தால் நீ என்ன செய்வாய்?" என்று அக்கா கேட்டாள்.

"பேசாமல் இருப்பன்."

அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது படலை வரை போய்த் திரும்பி வந்து, என் தொலைபேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அது வந்த நாளில் காற்றே இல்லை. நான் சக்கர நாற்காலியில், யன்னலோரம், கணினிக்கு முன்னால் இருந்தேன். திரையில் வழக்கம்போல உப்புக்காரி கொட்டிலுக்குள் குந்தியிருந்தாள். முதலில் அடுத்த வளவு நாய்கள் குரைத்தன. பிறகு குரைப்பதை எல்லா நாய்களும் ஒன்றாக நிறுத்தின. குசினிப் பக்கம் ஏதோ உரசும் சத்தம். பிறகு சுவர் விழுந்தது. இடி மாதிரி இல்லை. ஒரு மூட்டை மண்ணைக் கொட்டியது போல, மெதுவாக. தூசி வீட்டுக்குள் நடந்து வந்து என் அறைவாசலில் நின்றது.

சாக்கு கிழிவதும் அது மெல்லுவதும் கேட்டன. முன்பக்கத்தால் உருட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். மணலில் சில்லு புதைந்தால் வெட்டவெளியில் நிற்பேன். அசையாமல் இருந்தேன். நெல்லைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அது போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, படலைக்குப் பக்கத்துப் பாலை மரத்தின் நிழலில் நின்றது. வீதி அந்த இடத்தில் வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவருக்குப் பற்றைதான் தெரியும். படலைக்கு வந்த பிறகுதான் மரம் தெரியும். அக்கா அந்த வளைவை வேகமாகத்தான் எடுப்பாள். அவள் வரும் நேரம் ஆகிவிட்டிருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்து நின்றது. மீண்டும் அழைத்தேன். கிரவலில் சைக்கிள் ஓடும்போது பைக்குள் கிடக்கும் தொலைபேசி அவளுக்கு ஒருபோதும் கேட்பதில்லை. யானை ஒரு காலை மாற்றி வைத்து, காதை அசைத்துக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி நின்றது.

கத்தினேன். அது திரும்பக்கூட இல்லை.

ஸ்பீக்கர்கள் இருந்தன. பாட்டு ஏதாவது போடலாம். ஆனால் அந்தப் பழைய கணினி ஒன்றை மூடி இன்னொன்றைத் திறப்பதற்குள் அக்கா வந்துவிடுவாள். திறந்திருந்தது விளையாட்டு மட்டும்தான். அதில் சத்தம் இருந்த இடம் கதவுக்கு வெளியே.

ஒலியைக் கடைசி வரை கூட்டினேன். கொட்டில் கதவைத் திறந்தேன்.

முரசுகளும் கொம்புகளும் ஆயிரம் பேர் கூச்சலும் ஒரே நேரத்தில் வெடித்தன. திறந்திருந்த யன்னலின் கண்ணாடி அதிர்ந்தது. உப்புக்காரி வாசலில் நின்றாள். கை நடுங்கியது, அவள் குறையில் எழுதியிருந்தபடியே. நான் அவளை முன்னுக்கு நடத்தினேன். நடந்தால்தான் சத்தம் கூடும். யானை காதுகளை விரித்துத் திரும்பியது. பிறகு வீட்டை நோக்கி வந்தது. ஓடவில்லை. வந்தது.

யன்னல் இருண்டது. சேறும் வைக்கோலும் கலந்த மணம். துதிக்கை கம்பியின் மேல் ஊர்ந்து, உள்ளே நுழைந்து, மேசை விளிம்பைத் தொட்டது. என் கை கணினியின் மவுஸில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் அவள் நின்றுவிடுவாள், சத்தம் குறைந்துவிடும். திரையில் அவளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் விழுந்து எழுந்தாள். நான் இன்னும் நடத்தினேன்.

பிறகு எல்லாம் நின்றது. யானை யன்னலை விட்டு விலகியபோது வீட்டுக்கு வரும் மின்கம்பியை இழுத்து அறுத்துவிட்டது. அந்த அமைதியில் அதன் மூச்சு மட்டும் கேட்டது. என் மூச்சை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீதியின் தொங்கலிலிருந்து, யானை விரட்டக் கொளுத்தும் யானைவெடி கேட்டது. ஒன்று, பிறகு சரமாரியாக. அது வேலியைத் தள்ளிக்கொண்டு காட்டுப்பக்கம் போனது.

அக்கா அயலவர் மூன்று நான்கு பேரோடு வந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. என் தலையையும் தோளையும் கைகளையும் தடவிப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டதோ?" என்றேன்.

"கேட்டது. வளைவுக்கு வர முன்னமே கேட்டது. நீ ஒருநாளும் சண்டைக்குப் போறேல்லை எண்டு எனக்குத் தெரியும். என்னவோ நடந்திட்டுது எண்டு நினைச்சன். சைக்கிளைப் போட்டிட்டு வெடி வைச்சிருக்கிற வீட்டுக்கு ஓடினனான்."

அதன் பிறகுதான் அழுதாள்.

கம்பியை இணைத்து மின்சாரம் வந்ததும் கணினியைத் திறந்தேன். கொட்டில் வாசலுக்குச் சற்று முன்னால், மணலில், உப்புக்காரி கிடந்தாள். இவர் பயணம் முடிந்தது என்று எழுதியிருந்தது. ஒரு விளையாட்டுக்கு அழுவது வெட்கம்தான். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு சுவர் கட்ட உதவிக்கு வந்த மச்சான் கணினியையும் பார்த்தான்.

"முந்தி நான் வந்தபோது ஒரு பிரதி எடுத்து வைச்சனான். அதைத் திருப்பிப் போடலாம். கிழவி கொட்டிலுக்குள்ளைதான் இருப்பாள்."

"வேண்டாம்," என்றேன். "செத்தால் செத்ததுதான் எண்டு சொல்லித்தான் தொடங்கினனான்."

சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"திரும்பி வரக்கூடிய ஒராள் எண்டால் ஏனடா விடுறாய்?" என்றாள். "போடச் சொல்லு."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

அவள் இப்போது கொட்டிலுக்குள் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. வெளியே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் முன்பைவிடக் கவனமாக அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

வனசீவராசித் திணைக்களக்காரர் வந்து விழுந்த சுவரையும் காலடித் தடங்களையும் பார்த்தார்கள். நெல்லை வேறெங்காவது மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம். "நெல்லு இல்லாட்டிலும் வரும்," என்றார் அவர்களில் வயது கூடியவர். "உந்த வீட்டை அது பழகிட்டுது."

இப்போது அக்கா சந்தியில் சைக்கிளை நிறுத்தி எனக்கு அழைப்பாள்.

"நிக்குதோ?"

நான் முன்பக்கம் பார்ப்பேன், பின்பக்கம் பார்ப்பேன். "இல்லை, வாங்கோ," என்பேன். நேற்றும் அப்படித்தான் சொன்னேன். சொன்ன பிறகு நாய்களின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்று பட்டது. திரும்ப அழைத்தேன். மணி அடித்து நின்றது. அவள் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சுவரில் சாத்தும்வரை யன்னலை விட்டு நான் அசையவில்லை.