பிறக்கும் வரை கடையில் இருக்கட்டும்

எட்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரி மாடியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வயிற்றுக்கு இடம் தேடி உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஒரு பொம்மையையும் பாலூட்டும் பிரா ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். தோள்பட்டைக்குக் கீழே இருந்த கொக்கியை ஒரு விரலால் தட்டினார். முன்துணி மட்டும் மடிந்து இறங்கியது.

"ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை இதுக்கு. அவ்ளோதான். பிரசவத்துக்கு வரும்போது ரெண்டு எடுத்துட்டு வாங்க. பால் இறங்கினா அளவு கூடும், அதனால கொஞ்சம் பெருசாவே வாங்குங்க," என்றார்.

அது எனக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அதற்குக் காரணம் போன வருடம் சித்தி மகளைப் பிரசவ வார்டில் பார்த்தது. கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தை அழுதது. சித்தி அவளை முன்னால் சாய்த்து, முதுகில் கையை விட்டு உள்ளாடைக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். அவளுடைய மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். யாரும் வெளியே போகவில்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நானும் போகவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். எனக்கு அப்படி நடக்கக் கூடாது. என் குழந்தைக்கு நான் பால் கொடுப்பதை ஊர் நின்று பார்க்கக் கூடாது. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கூடுவாஞ்சேரி வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் சொன்னதாகவே சொன்னேன், நான் ஆசைப்படுவதாகச் சொல்லவில்லை.

"பொறக்கறதுக்கு முன்னாடி இன்னாத்துக்கு அதெல்லாம்? குழந்தைக்குன்னு எதையும் முன்கூட்டி வாங்கிகினு வரக் கூடாது."

"இது குழந்தைக்கு இல்ல அத்தை. எனக்கு."

"பால் யாருக்கு?"

என் வேலையே கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான். அந்த ஒற்றைக் கேள்வியில் ஓட்டை எங்கே என்று எனக்கு இரண்டு நாள் தெரியவில்லை. பிறகுதான் பீரோவைத் திறந்தபோது கண்ணில் பட்டது. மார்பின் இரண்டு பக்கமும் ஜிப் வைத்துத் தைத்த நைட்டிகள், நான்கு. அத்தையே பஜாரில் வாங்கி வந்து அடுக்கியவை. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இதுவும் பால் கொடுக்கத்தானே, இதை மட்டும் எப்படி முன்கூட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

அத்தை அசரவில்லை. நைட்டியை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றார். ஜிப் இருந்தால் என்ன, நான்கூடத்தான் போட்டிருக்கிறேன் என்று தன் மார்பருகே மடிப்பைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான், அங்கேயும் ஜிப் இருந்தது.

என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுபவர். பிறந்த அன்றே ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடலாம், மறுநாள் வந்துவிடும் என்றார். அன்றைக்கு எதைப் போட்டுக்கொள்வது என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "நைட்டி இருக்கே," என்றார்.

கோபத்தை விட மோசமான ஒன்றும் எனக்குள் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நான் வாங்கி வைத்து, ஏதாவது ஆகிவிட்டால்? அத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நானே என்னைச் சொல்வேன், ஆயுள் முழுக்கச் சொல்வேன். இந்த வழக்கம் உயிரோடு இருப்பதே இந்தப் பயத்தில்தான். ஒரு உள்ளாடைக்கும் ஒரு உயிருக்கும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை நிறைமாதக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து, அவிழ்த்துப் பார் என்கிறார்கள். அவிழ்ப்பாளா?

ஒன்பதாம் மாத ஸ்கேனுக்கு அம்மா மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்திருந்தார். ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. அந்தத் தைரியத்தில் அம்மாவைப் பஜார் தெருவில் இருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

புடவைப் பிரிவில் மூன்று பெண்கள் மடித்த புடவையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளாடைப் பிரிவில் ஒரு ஆண் நின்றார். எந்த ஊர் நியாயம் இது என்று தெரியவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். நர்ஸ் சொன்னபடி ஒரு அளவு கூட்டியே சொன்னேன். அவர் அளவு நாடாவைத் தேடவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"வேணாம்மா. பார்த்தாலே தெரியுது. முப்பத்தாறு போதும், பெருசு எடுத்தா தொங்கும்," என்றவர், மேல்தளத்தில் இருந்த ஆளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பால் குடுக்கற பாடி, முப்பத்தாறுல ரெண்டு தள்ளு."

கடையில் இருந்த எல்லோருக்கும் இப்போது என் அளவு தெரியும். அதுவும் தப்பான அளவு. அம்மா திடீரென்று துண்டுகளை விரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளாடையில் போட்டுப் பார்ப்பது கிடையாது, மாற்றுவதும் கிடையாது என்றார் கடைக்காரர். பெரிய அளவே கொடுங்கள் என்று இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். தினமும் இதே வேலையைச் செய்கிறவருக்குத் தெரியாதா என்று தோன்றியது. அந்த இடத்தில் நின்று அந்த ஆளிடம் என் மார்பளவைப் பற்றி வாதம் பண்ணவும் முடியவில்லை.

பில் போட்ட பிறகு அம்மா வந்து ரகசியமாகச் சொன்னார். "வாங்கினது வாங்கினதா இருக்கட்டும். வூட்டுக்கு மட்டும் இப்ப எடுத்துட்டுப் போவாத. பொறக்கற வரைக்கும் கடையிலயே இருக்கட்டும்."

கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பேரைக் கேட்டு, பையில் எழுதி, பின்னால் இருந்த மர அலமாரியில் வைத்தார். அந்த அலமாரி முழுக்க அப்படிப்பட்ட பைகள். குட்டிச் சட்டைகள், தொட்டில் துணி, பின்னல் தொப்பி. பணம் கட்டியாகிவிட்டது, சாமான் கடையில் இருக்கிறது, வீட்டுக்கு எதுவும் வரவில்லை. சாமிக்குக் கணக்கு சரியாகிவிடும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்களாம். இன்னும் பிறக்காத குழந்தைகளின் துணிகளுக்கு நடுவே என் உள்ளாடையும் உட்கார்ந்துகொண்டது, நானும் இன்னும் பிறக்காதவள் மாதிரி.

எரிச்சலாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

குழந்தை சிசேரியனில் பிறந்தாள். நன்றாக இருந்தாள். அன்று மாலையே கணவரைக் கடைக்கு அனுப்பினேன். கடைக் கதவு இறக்கியிருந்தது. முதலாளி வீட்டுக் கல்யாணம், மூன்று நாள் விடுமுறை என்று அட்டை தொங்கியது. நான் நம்ப மாட்டேன் என்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வேறு கடையில் வாங்கி வாருங்கள் என்றேன். மறுநாள் போனார். கடை வாசலில் நின்று போன் செய்தார். உள்ளே ஒரே கும்பலாக இருக்கிறது, எப்படிக் கேட்பது என்றார். நான் கேட்டேனே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று கேட்டேனே என்று சொல்ல வாயெடுத்தேன். தையல் வலித்தது. போனை வைத்துவிட்டேன். ஐந்தாவதாக ஒரு நைட்டியோடு திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் பால் இறங்கியது. நெஞ்சு கல்லாகக் கனத்தது. பழைய உள்ளாடையைத்தான் போட்டிருந்தேன். போடாமல் இருந்தால் நைட்டி நனைந்தது, போட்டால் நெரித்தது. கையைப் பின்னால் கொண்டுபோனால் வயிற்றுத் தையல் இழுத்தது. அதனால் ஒவ்வொரு முறையும் அம்மா கழற்றி, ஒவ்வொரு முறையும் மாட்டிவிட வேண்டியிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. செய்யூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கணவரின் பெரியப்பா குடும்பம் வந்தது. பெரிய மாமா, பெரிய அத்தை, அவர்கள் மகன், மருமகள், இன்னும் இரண்டு பேர். ஆப்பிள், பிஸ்கட், ஒரு பை வேர்க்கடலை. பெரிய மாமா துணைக்கு இருப்பவர் படுக்கும் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, சவுக்கு வெட்ட ஆள் கிடைக்காத கதையைக் கணவரிடம் ஆரம்பித்தார். அத்தை எல்லோருக்கும் டீ ஊற்றினார்.

குழந்தை விழித்து அழுதாள். அவள் குரல் கேட்டதுமே எனக்குப் பால் கசிய ஆரம்பித்துவிட்டது. நைட்டியின் முன்பக்கம் ஈரமாகப் படர்வது எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது.

"பசிக்குது போல கீது, குடும்மா. நம்ம மனுஷங்கதானே," என்றார் பெரிய அத்தை.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தேன். அவர் சவுக்குக் கதைக்கு 'ம்' போட்டுக்கொண்டிருந்தார். அம்மா மேலே ஒரு துண்டைப் போர்த்தி, ஜிப்பைத் திறந்து, முதுகுப் பக்கம் கையை விட்டுக் கொக்கியைத் தேடினார். கொக்கி சிக்கிக்கொண்டது. துண்டு நழுவியது. குழந்தை வாயைத் திறந்து தேடி, நைட்டித் துணியைக் கவ்வி, கிடைக்காமல் வீறிட்டாள்.

"பால் பத்தலையோ?" என்று யாரோ கேட்டார்கள். பெரிய அத்தை எழுந்து வந்து, "இரு, நான் பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டார். என்னைக் கேட்கவில்லை. கடைத்தெருவில் காய் அமுக்கிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"கைய எடுங்க," என்றேன்.

பெரிய அத்தை கையை இழுத்துக்கொண்டார். எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்து, தொடர்ந்து பேசிவிட்டேன்.

"பெரிய மாமா, எல்லாரும் வெளிய போய் இருங்க. நான் குழந்தைக்குப் பால் குடுக்கணும். கதவச் சாத்திட்டுப் போங்க."

தயவுசெய்து என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கொஞ்சம் சிரித்துச் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் பிறகு நூறு முறை யோசித்தாகிவிட்டது. அப்போது பெரிய மாமா செருப்பைத் தேடினார். மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் போனார்கள், என் கணவரும் சேர்த்துத்தான். கடைசியாக அத்தை போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நல்லது எதுவும் இல்லை. ஆனால் கதவைச் சாத்தினார்.

அம்மா சிக்கிய கொக்கியை ஒரு வழியாகப் பிரித்து, அந்தப் பழைய உள்ளாடையை உருவிப் போட்டார். "இப்படியா பேசறது," என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே என் முதுகுக்குத் தலையணை வைத்தார். குழந்தை பற்றிக்கொண்டாள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. பால் பத்தாமல் ஒன்றும் இல்லை. கூட்டம்தான் அதிகம்.

கடை திறந்து என் பை வந்தபோது நாங்கள் வீட்டுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். முப்பத்தாறு எனக்கு மூச்சு முட்டியது. அத்தை அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் பொறந்தப்புறம் வாங்கணும்கறது," என்றார், ஏதோ சாட்சி கிடைத்தது போல.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். முன்கூட்டி வாங்கியது தப்பாகப் போகவில்லை. என் உடம்பின் அளவை நான் சொன்னபோது நம்பாமல், கண்ணால் பார்த்தே தீர்மானித்தார் ஒருவர். அது தப்பு. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவர விடாமல் அலமாரியில் பூட்டியது தப்பு. மனைவிக்கு ஒரு உள்ளாடை வாங்க ஆணுக்கு வெட்கம், மனைவி பத்துப் பேர் முன்னால் மார்பைத் திறந்து உட்கார்ந்தால் வெட்கம் இல்லை. அது எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. அந்த உள்ளாடை கையில் இருந்திருந்தால் அன்று நான் யாரையும் வெளியே அனுப்பியிருக்க மாட்டேன், பேசாமல் தலையைக் குனிந்து கொடுத்திருப்பேன் என்றும் சில நாள் தோன்றுகிறது. அப்படி நடக்காமல் போனதே நல்லதோ என்னவோ, தெரியவில்லை.

இப்போது மாமல்லபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓடுவதால் பகலில் ஜன்னலைத் திறக்க முடியாது. தூசி வந்துவிடும். அம்மா நாடாவால் அளந்து சொன்ன அளவில் கணவர் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தார். சரியாக இருக்கிறது. பெரிய மாமா வீட்டில் இன்னும் என்னை மரியாதை தெரியாதவள் என்றுதான் சொல்கிறார்களாம். அத்தைதான் வந்து சொன்னார், ஒரு வார்த்தை விடாமல்.

போன ஞாயிறு அத்தை இங்கே இருந்தபோது, குழந்தையைப் பார்க்க அவர் பக்கத்து உறவுக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். நான் உள்ளறையில் குழந்தையை மடியில் போட்டிருந்தேன். வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

"உள்ள போவாதீங்க. எங்க வூட்டு மருமவ பால் குடுக்கணும்னா ஊரே எழுந்து வெளிய போவணும். பெரிய கலெக்டரு. இப்படி உக்காருங்க, கூப்புடுவா."

அவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். காது எரிந்தது. அடுத்த நிமிடம் அவரே வந்து, என்னைப் பார்க்காமல், கதவை இழுத்துச் சாத்தினார். கேலி கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டேன்.