கத்தட்டும், விடுங்க!

2008-ல் ராமநாதபுரத்தில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது. அன்று பதினோரு மணிக்கு மதுரையில் என் மனைவிக்கு ஆசிரியை வேலைக்கான இன்டர்வியூ. ஆறு வருடமாகக் காத்திருந்து வந்த அழைப்பு. சான்றிதழ் ஃபைலை மறந்துவிடக் கூடாதென்று முந்தின நாளே காரில் வைத்துப் பூட்டியிருந்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பலாம் என்று ரிமோட்டை அழுத்துகிறேன், கார் கல்லு மாதிரி நிற்கிறது.

பழைய கார்தான். ஆனால் வாங்கிய கையோடு அலாரம் பூட்டு மாட்டி, தெரு முழுக்கப் பெருமையடித்திருந்தேன். ரிமோட் இல்லாமல் சாவியால் திறந்தால் அது ஊரைக் கூட்டும், எஞ்சினும் கிளம்பாது. தெருவே வந்து எட்டிப் பார்த்தால் என் மானம் என்ன ஆவது? ரிமோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். புது பேட்டரி போட்டேன். மகளின் ரப்பரால் தேய்த்தேன். ஊதினேன், தட்டினேன், கார்க் கண்ணாடியோடு ஒட்டிவைத்து அழுத்தினேன். சனியன் அசையவில்லை. குட்டித் திருகாணி ஒன்று வேறு உருண்டுபோய் ஃபிரிட்ஜுக்கு அடியில் தொலைந்தது.

எரிச்சல் தலைக்கேறி, வழக்கம்போல மனைவி மேல் பாய்ந்தேன்.

"மாவுக் கையோட சாவியத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழரை.

"சாவியக் குடுங்க."

"திறந்தா கத்தும்டி."

"கத்தட்டும், விடுங்க. எனக்கு பஸ்ஸு போயிரும்."

திறந்தாள். கார் ஊளையிட்டது. எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் நிதானமாக ஃபைலை எடுத்துக்கொண்டு, சாவியை என் கையில் வைத்துவிட்டு, "வாரேன்" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் பனியனோடு நின்று கார் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கி அலாரத்தின் வாயை அடைத்தேன்.

பத்து மணிக்கு வாட்ச் ரிப்பேர் கடையில் ரிமோட்டைக் கொடுத்தேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கடல்ல முங்குனீகளாண்ணே? உள்ள பூராம் உப்பு பூத்துக் கெடக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் முன்பு அமாவாசைக்கு, இறந்துபோன அய்யாவுக்குத் திதி கொடுக்க தேவிபட்டினம் போயிருந்தோம். கரையில் துணிமணிக்குக் காவலாக மனைவி இருந்தாள். இவள் எங்காவது போட்டுவிடுவாள் என்று, சாவியை ரிமோட்டோடு என் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு கடலில் இறங்கினேன். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தைச் சுற்றி வந்து முங்கியும் எழுந்தேன். அன்றைக்கு ரிமோட் வேலை செய்ததால் அதை மறந்தே போனேன்.

சாயங்காலம் வந்தவளிடம், "ரிமோட்டே மட்டமான சாமான்" என்று சொல்லிவைத்தேன். "அப்படியா" என்றாள், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் வேலைக்கு ஆர்டர் வந்தது.

மறுவருடம் அதே அமாவாசை. வேட்டியை மடித்துக் கட்டிக் கடலில் இறங்கப் போனேன். மனைவி கையை நீட்டினாள்.

"இந்தத் தடவையாச்சும் சாவிய என்ட்ட குடுத்துட்டு எறங்குங்க."

ரிமோட் ஏன் செத்ததென்று அவளுக்கு இன்டர்வியூ அன்று காலையிலேயே தெரிந்திருக்கிறது. சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் சண்டை பிடித்திருப்பேன். பஸ்ஸும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்றும் வீட்டில் ஏதாவது பழுதானால், "யாரு செஞ்சது?" என்று நான் வாயைத் திறப்பதற்குள் கை தானாகப் போய் என் இடுப்பைத் தடவிப் பார்க்கிறது.