வளையம் எறிகிற கடைக்கு ஒரு குரல்

என் பூங்காவுக்கு வந்த கூட்டம் வளையம் எறிகிற கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக எனக்கு அதே கவலைதான்.

நிஜப் பூங்கா இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததும் பழைய லேப்டாப்பைப் போடியில் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனாள். அதில் இது இருந்தது. வெறும் நிலம் கொடுப்பார்கள். நாம் பாதை போட்டு, மரம் நட்டு, ராட்டினம், குட்டி ரயில் எல்லாம் வைக்க வேண்டும். விரல் உயர மனிதர்கள் வருவார்கள். பிடித்தால் நிற்பார்கள், பிடிக்காவிட்டால் வாசலைப் பார்த்து நடப்பார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது, படிப்பு பத்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கிவிடுவேன். இந்த மனிதர்களிடம் மட்டும் கூச்சமே வரவில்லை. அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை.

பெரிய பெரிய ராட்டினமெல்லாம் இருந்தும், திருவிழாக் கடை ஒன்றுகூட அந்த விளையாட்டில் இல்லை. மகளிடம் போனில் குறைபட்டேன்.

"மத்த ஆட்டக்காரங்க செஞ்சு போட்டிருப்பாங்கம்மா. இறக்கிச் சேத்துக்கோ," என்று வழி சொன்னாள்.

தேடினால் எல்லாம் கிடைத்தது. பலூன் சுடுகிற கடை, டப்பா அடுக்கிப் பந்தால் அடிக்கிற கடை, வளையம் எறிகிற கடை. ஒவ்வொன்றும் திரையில் வந்து உட்கார்ந்தபோது சோற்றை அடுப்பில் வைத்ததே மறந்துபோனது. வளையக் கடையில் பரிசாகக் கரடி பொம்மைகளை வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு சோப்புப் பெட்டி, பிளாஸ்டிக் குடம், முகம் பார்க்கிற கண்ணாடி என்று மாற்றினேன். பங்குனித் திருவிழாவில் நான் வருஷா வருஷம் பார்த்த கடை அப்படித்தான் இருக்கும். பார்த்ததோடு சரி. எறிகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் நான் ஒரு தடவைகூட வளையத்தைக் கையில் வாங்கியதில்லை.

அந்தக் கடைதான் காற்று வாங்கியது. கடையைப் பெரிதாக்கினேன், விளக்கு போட்டேன், பக்கத்திலேயே இன்னும் இரண்டு வளையக் கடை வைத்தேன். ம்ஹூம்.

என் வீட்டுக்காரர் குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறார். இரண்டாவது ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார்.

"இதென்ன, பலூனெல்லாம் ஒரு பக்கம், வளையமெல்லாம் ஒரு பக்கம், தீனிக் கடையெல்லாம் அங்கிட்டு ஒரு ஓரமா?"

"ஒழுங்கா இருக்கட்டும்னுதான்."

"ஒழுங்கா இருக்கா? திருவிழாவையே சலிச்சு வச்சிருக்க நீ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏலக்காய் குடோனில் தரம் பிரிப்பதுதான் என் வேலை. பெரிய காய் தனி, சின்னக் காய் தனி, வாய் பிளந்தது தனி. ஒரு தட்டில் இரண்டு தரம் கலந்து கிடந்தால் பதினெட்டு வருஷமாக என் கை தானாகவே பிரித்துவிடும். விளையாட்டிலும் என்னை அறியாமல் அதையே செய்திருக்கிறேன்.

"என் ஜீப்பைப் பாரு," என்றார். "ஆளு, அரிசி மூடை, கோழின்னு எல்லாம் கலந்துதான் ஏறும். பேச்சும் சிரிப்புமா ஊரு வந்து சேரும். கலச்சு விடு."

கலைத்தேன். பலூனுக்குப் பக்கத்தில் பஞ்சுமிட்டாய், அதற்கு எதிரில் வளையம், வளையத்துக்கு முதுகுப்புறம் ராட்டினம். கை கூசியது, இருந்தாலும் விடவில்லை. பஞ்சுமிட்டாய் வாங்கிய ஒரு சிவப்புச் சட்டைக்காரர் திரும்பினார், எதிர்க்கடையைப் பார்த்தார், நின்றார், வளையத்தை எறிந்தார். அவருக்குப் பின்னால் ரெண்டு பேர். அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் மகளுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அம்மா, இதை எல்லாருக்கும் போடு. மத்தவங்களும் இறக்கி விளையாடட்டும்."

போட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கடையை மறுபடி பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. கூட்டம் இருக்கிறது, கூப்பிடுகிற ஆள் இல்லை. கூப்பிடாத வளையக் கடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்த விளையாட்டில் சத்தப் பெட்டி ஒன்று உண்டு. நாம் பதிவு செய்ததை அதில் போடலாம். வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நானா? எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும். உன் கடை, நீ கூப்பிடு."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. அடுத்ததில் இருமல். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டேன். அத்தனை வருஷமும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்ட ராகம் அப்படியே வந்தது. "வாங்கண்ணே வாங்க, வாங்கக்கா வாங்க, மூணே வளையம், விழுந்தா குடம், விழாட்டி சிரிப்பு!" வெளியே அவர் கை தட்டியது கேட்டது.

சத்தப் பெட்டியில் சேர்த்தேன். யோசித்தால் போட மாட்டேன் என்று தெரியும். அதனால் உடனே பகிர்கிற பொத்தானை அழுத்திவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் முதலில் லேப்டாப்பைத்தான் திறந்தேன். முகம் தெரியாத யாரோ தமிழிலேயே கீழே எழுதியிருந்தார்கள்: "வளையக் கடையில கூப்பிடுற அக்கா யாரு? எங்கூட்ல எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறோம்."

மகள்தான் பதில் போட வேண்டும் என்று முதலில் தோன்றியது. போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினேன்.

"நான்தான்."

அது போதாது என்று பட்டது. "பலூன் கடைக்கும் ஒண்ணு பேசிப் போடுறேன்," என்று சேர்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.